அஞ்சலைக்காக நான் சொல்லாத செபம்

2006-ஆம் ஆண்டு மார்ச் மாதம், தவக்காலத்தின் இரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்குத் திருச்சியில் சென்னைப் பேருந்தில் ஏறி விழுப்புரத்துக்குச் சீட்டு வாங்கினேன். ஐம்பத்தைந்து ரூபாய், நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர். கைப்பையில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு குறிப்பேடு. புதுச்சேரியில் ஒரு பங்குக் கோயிலில் மூன்று நாள் மாலைத் தியானம். தலைப்பு: 'தனிச் செபத்தில் கடவுளை அணுகுவது எப்படி?' அதைச் சொல்லித் தரப் போனவன் நான்.

நான் பள்ளியில் தமிழாசிரியர். பதினைந்து ஆண்டுகளாகப் பங்கு பங்காகப் போய்ச் செபத்தைப் பற்றிப் பேசிவந்தேன். தேவராஜ் சார் செபம் சொன்னால் அழாதவர்கள் இல்லை என்று பெயர். ஆனால் கூட்டம் இல்லாத இடத்தில், என் அறையில், தனியாக நான் கடவுளிடம் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பத்தரை மணிக்கு விழுப்புரம். புதுச்சேரிக்கு நாற்பது கிலோமீட்டர், பதின்மூன்று ரூபாய் சீட்டு. வளவனூர் தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டி, காலில் காய்ந்த சேறு, மடியில் ஒரு தூக்குச்சட்டி. வயலிலிருந்து நேராக வந்திருந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து வாய்க்குள் ஒத்திகை பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க வேதக்கோயில் சாமியாருங்களா?"

"இல்லை, வாத்தியார். கோயில்ல செபத்தைப் பத்திப் பேசப் போறேன்."

"செபம்னா?"

"கடவுள்கிட்ட வேண்டுறது."

"அதைக் கத்துக் குடுக்கக்கூட ஆளு இருக்கா?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே வியந்தார்.

அவர் பெயர் கலியபெருமாள். மனைவி அஞ்சலையைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சவும் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வவுத்துல கட்டிங்க. நாளைக்குக் காலம்பற ஒம்போது மணிக்கு ஆப்ரேசன். எங்க சாமிங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன். நீங்க இதுலயே பழகுன ஆளு. அந்நேரத்துக்கு உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"கண்டிப்பாச் சொல்றேன்."

"ஒம்போது மணிங்க."

"ஒன்பது மணி. சொல்றேன்."

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது. புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கோரிமேட்டுக்கு ஆள் ஏற்றும் டெம்போவைத் தேடி ஓடினார். அவர் ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பங்குச்சாமியார் எனக்குத் தங்க ஏற்பாடு செய்திருந்தது சூசைநாதன் வீட்டில். முன்பு பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலையில் வேலை குறைந்த பிறகு ஒரு தங்கும் விடுதியில் காவலாளியாக இருப்பவர். மனைவி ஸ்டெல்லா சேதராப்பட்டில் சோப்புக் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போகிறார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். தவக்கால வெள்ளிக்கிழமை என்பதால் கறி இல்லை. சங்கரா மீன் குழம்பு வைத்து, "காரம் இருந்தா சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு முதல் உரை. நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். போற்றுதல், அறிக்கையிடுதல், நன்றி, விண்ணப்பம், மௌனம் என்று செபத்துக்கு ஐந்து படிகள் வைத்தேன். எத்தனையோ பங்குகளில் ஏறி இறங்கிய படிகள்தாம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். பயணக் கட்டுரை எழுதும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. குறிப்பேட்டில் அந்தக் காலை மட்டும் மூன்று பக்கம் நிறைந்திருக்கிறது. பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் எழுதிய தெருப் பலகைகள், மதிலுக்கு மேல் தலைநீட்டும் காகிதப்பூ, வெளியே கழி மாதிரி விறைத்து உள்ளே பஞ்சாக இருக்கும் பிரெஞ்சு ரொட்டி, அலை வந்து மோதும் கருங்கல் குவியல் எல்லாம் அதில் இருக்கின்றன. கடற்கரைச் சாலையில் ஒரு பெரியவர் இன்னொருவரைப் பார்த்து "போன்ழூர் முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் "மழை வருமாய்யா?" என்று கேட்டதும் இருக்கிறது. கடற்கரையில் காபி ஆறு ரூபாய். அதற்கு எதிரே நேரமும் குறித்திருக்கிறேன்: ஒன்பது பத்து.

அப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தது மாலையில், பேச்சின் நடுவில். 'பிறருக்காக மன்றாடுதல்' என்ற பகுதிக்கு வந்தபோது ஓர் உதாரணம் தேவைப்பட்டது. கலியபெருமாளின் முகம் மனதில் வந்து நின்றது. ஐயோ, மறந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் வாய் பழக்கப்பட்ட வாய்.

பேருந்துக் கதையைச் சொன்னேன். பிறகு இப்படிச் சொன்னேன்: "இன்று காலை ஒன்பது மணிக்கு இதே கோயிலுக்கு வந்தேன். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டேன். முகம் தெரியாத அந்தச் சகோதரிக்காக ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை." நம்பும்படி இருக்கட்டும் என்று கோரிமேடு என்பதையும் அஞ்சலை என்ற பெயரையும் அப்படியே சொன்னேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் குரலும் தழுதழுத்தது. நடிக்கவில்லை. நான் சொன்ன பொய்யில் நானே உருகிவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து இட்லி வைக்கும்போது ஸ்டெல்லா சொன்னார்:

"சார், ஞாயித்துக்கெழமை மத்தியானம் நாங்க ரெண்டு மூணு பேர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். யாரும் இல்லாதவங்களுக்குக் கஞ்சி, வெந்நீர் குடுத்துட்டு வருவோம். இன்னிக்கு அவங்க யாரும் வரல. நீங்க வர்றீங்களா? அந்த அஞ்சலையம்மாவப் பாத்துட்டு வரலாம்."

சாயங்காலப் பேச்சுக்குத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "அஞ்சு மணிக்குள்ள வந்துடலாம் சார்" என்றார்.

மூன்றேகாலுக்கு டெம்போ ஏறினோம். கோரிமேட்டுக்கு ஐந்து ரூபாய். எதிரெதிராக முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். வண்டிச் சத்தத்தில், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது என்ற தைரியத்தில், அதிகம் பேசாத அந்தப் பெண் பேசினார்.

"எம் பொண்ணு செத்து ஆறு வருசம் ஆவுது சார். மூளைக்காய்ச்சல். அதுலேர்ந்து செபமாலை சொல்றேன், பூசைக்கு வரேன். ஆனா ஆண்டவர்கிட்ட நான் பேசுறதில்ல. மனப்பாடமா இருக்குறத சொல்லிட்டு எந்திரிச்சுடுவேன். நேத்து நீங்க சொன்னீங்க இல்ல, யாரோ ஒரு அம்மாவுக்காக ஒரு மணி நேரம் முட்டி போட்டேன்னு. நம்மால பத்து நிமிசம் முடியாதான்னு தோணுச்சு. இன்னிக்குக் காலைல விளக்கு போடுறதுக்கு முன்ன உக்காந்து, ஏன் இப்படிப் பண்ணுனீங்கன்னு அவரையே கேட்டேன். திட்டுனேன்னே வெச்சுக்குங்க. அப்புறம் அழுதேன். ஆறு வருசத்துல மொதல் தடவ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நோயாளிகளின் உறவினர்கள் வேப்பமரங்களுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். விழுப்புரம், கடலூர் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்த சனங்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை. கலியபெருமாள் எங்களைப் பார்த்து எழுந்து ஓடிவந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே! கட்டிய எடுத்துட்டாங்க. கண்ணு முழிச்சுட்டா. சதைய டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்களாம், அது வந்தாத்தான் மத்தது தெரியுமாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒம்போது மணிக்கு உள்ள இழுத்துக்கினு போனாங்க. எனக்குக் கைகாலெல்லாம் ஒதறுது. அப்ப நெனச்சேன், அங்க ஒருத்தரு நமக்காக நின்னுகினு இருப்பாருன்னு. அப்புறந்தான் ஒதறல் நின்னுச்சு" என்றார்.

ஸ்டெல்லா பெருமையோடு என்னைப் பார்த்தார். "முழுசா ஒரு மணி நேரம் வேண்டுனாருங்க" என்றார்.

இப்போதாவது சொல் என்று உள்ளே ஒன்று இடித்தது. "எல்லாம் கடவுள் சித்தம்" என்றேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பெண்கள் வார்டில் வரிசையின் கடைசியில் அஞ்சலை படுத்திருந்தார். மெலிந்த உடம்பு. கையில் ஊசிக்குழாய். கணவர் குனிந்து, "பஸ்ஸுல பாத்தன்னு சொன்னனே, அந்த வாத்தியாரு" என்றார். அஞ்சலை தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். பேசுவதற்கு உதட்டை நனைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"என்னான்னு கேட்டீங்க, உங்க சாமிய?"

சாதாரணக் கேள்வி. தனக்காக என்ன கேட்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. பதினைந்து வருடமாகச் சேர்த்துவைத்த வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டால் போதும். நானும் வாயைத் திறந்தேன். வறண்ட உதட்டோடு காத்திருந்த அந்த முகத்துக்கு முன்னால் ஒன்றுகூட வரவில்லை.

"அம்மா, நான் ஒண்ணும் கேக்கல" என்றேன். "மறந்துட்டேன். ஒன்பது மணிக்கு நான் கடற்கரையில காபி குடிச்சுக்கிட்டு இருந்தேன். கோயில்ல வேண்டினேன்னு ஊர் முன்னால சொன்னது பொய்."

ஸ்டெல்லா என் பக்கத்திலிருந்து ஓரடி விலகி நின்றார். கலியபெருமாளின் முகம் வாடிப்போனது. "பரவால்லீங்க. வெளியூரு ஆளு, ஆயிரம் வேலை இருந்திருக்கும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அஞ்சலைதான் பேசினார். "அப்ப இப்பக் கேளுங்க."

கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போற்றுதல் இல்லை, ஐந்து படிகள் இல்லை. "ஆண்டவரே, நான் மறந்துட்டேன். பொய்யும் சொல்லிட்டேன். இவங்க பேரு அஞ்சலை. இவங்களைக் காப்பாத்துங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும் டெம்போவில் ஸ்டெல்லா கேட்டார்:

"அப்ப ஒம்போது மணிக்கு அந்தம்மாவுக்காக நம்ம கோயில்லேர்ந்து யாருமே வேண்டலியா?"

"இல்லம்மா."

"வெள்ளிக்கெழமையே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல சார்? நான் வேண்டியிருப்பேனே."

வேறு யாரையாவது வேண்டச் சொல்லலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. செபம் என்றால் நான் செய்து காட்டுவது என்றுதான் அத்தனை வருடமும் இருந்திருக்கிறேன்.

இறங்கும் முன் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "காலையில நீங்க பேசினது... என் பொய்யை நம்பித்தானே?"

"ஆமா" என்றார். "ஆனா நான் திட்டுனது நெசந்தானே. அதை அவரு கேட்டிருப்பாரு." முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆறு மணிக்கு மூன்றாவது உரை. குறிப்பேட்டைத் திறக்கவில்லை. நேற்று சொன்னது பொய் என்றேன். கடற்கரையையும் காபியையும் வார்டில் நடந்ததையும் சொன்னேன். இன்னும் ஒன்றும் சொன்னேன்: "கடவுளிடம் எப்படிப் போவது என்று உங்களுக்குச் சொல்லித்தர வந்தேன். எனக்குத் தெரியாது. இன்று மதியம் தெரிந்தது இவ்வளவுதான். எதை மறைக்கப் பார்க்கிறோமோ அதை முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்கிற அழகான வார்த்தையெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன." பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டேன். யாரும் அழவில்லை. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். பங்குச்சாமியார் நன்றியுரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். வீட்டில் சூசைநாதன் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பேசவில்லை. இது எல்லாம் நியாயம்தான்.

திங்கள் காலை ஏழு மணிக்கு விழுப்புரம் வண்டி. ஸ்டெல்லா கம்பெனி வண்டிக்கு முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தார். நான்கு இட்லியைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு மாலை அவர் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். "அந்தக் கட்டில்ல வேற ஆளு சார். சனிக்கெழமை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். டெஸ்டுல என்ன வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. ஊரு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

எங்கள் ஊரிலும் நடந்ததைச் சொன்னேன். சிலர் அதைத் தாழ்மை என்று பாராட்டினார்கள். அதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. பேச அழைத்தால் இப்போது போவதில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் கட்டில் விளிம்பில் பத்து நிமிடம் உட்காருகிறேன். பாதி நாள், வாக்கியம் தானாக அலங்காரம் பண்ணிக்கொண்டு புறப்படும். தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். அங்கே எனக்குக் கூட்டம் இல்லை. கேட்பவர் ஒருவர்தான், அவருக்கு என்னைத் தெரியும்.

அஞ்சலை இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இன்று காலையும் அவரைக் காப்பாற்றும்படி கேட்டேன்.