டாக்டரிடம் சொல்லாத வெள்ளிக்கிழமை

கணுக்காலில் மணல் மூட்டை கட்டியிருந்தது. வலது காலை மடக்காமல் கட்டிலிலிருந்து ஒரு சாண் தூக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, இறக்க வேண்டும். மொத்தம் முப்பது முறை. ஏழாவது முறையிலேயே தொடை நடுங்கியது. "போதும்" என்றேன்.

பிசியோதெரபிஸ்ட் (பயிற்சிகளால் தசையையும் மூட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர்) ஐரீன், இங்கிலாந்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். என் காலைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க தாத்தாவும் கால்பந்துக்காரர்தான். விக்டோரியா ராணி காலத்துல காசுக்கு ஆடினவர். அவர் முழங்காலும் இதே மாதிரிதான் போச்சு."

எட்டாவது முறை தூக்கினேன்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். என் முழங்காலைப் பற்றி மட்டும் எழுதினால் யாருக்கு என்ன? ஆனால் தொண்ணூறு வருடங்களுக்கு முன் ஒருவர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவதாக ஒருவர் செய்யாமலிருந்தால் நல்லது. வீங்கிய முழங்காலோடு இதைப் படிப்பவரே, உங்களுக்காகத்தான்.

*

எழுபத்தாறில் தோஹாவுக்கு வந்தேன். விசாவில் என் வேலை ஸ்டோர்கீப்பர். உண்மையில் ரைட் விங்கர், வலது ஓரம் ஓடும் கால்பந்துக்காரன்.

எங்கள் குழாய்ப் பணிக் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜருக்குக் கம்பெனிகளுக்கிடையேயான கோப்பை ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. கேம்ப் பாஸ் (தொழிலாளர் குடியிருப்பின் பொறுப்பாளர்) சண்முகம் அண்ணாச்சிதான் டீமுக்கும் பொறுப்பு. லீவில் ஊருக்கு வந்திருந்தபோது பாளையங்கோட்டையில் நான் ஆடுவதைப் பார்த்தவர், ஆட்டம் முடிந்ததும் வந்து, "ஏலே, பிஎஸ்ஸி படிச்சுட்டு இங்க என்னத்த உதைக்க? கல்ஃபுக்கு வாரியா?" என்றார். இரண்டு மாதத்தில் விமானத்தில் இருந்தேன்.

ரூமில் நாலு பேர். ராமநாதபுரத்து வெல்டர் கருப்பையா அண்ணன் முதல் நாளே எனக்குப் பட்டம் சூட்டிவிட்டார். "நமக்கெல்லாம் கை விசாப்பா. தம்பிக்குக் கால் விசா. சோறு போடுறப்ப மட்டும் கையத்தானே நீட்டுவீக?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆட்டத்துக்கு முந்தைய நாள் எனக்கு அரை நாள்தான் டியூட்டி. அவர்கள் வெயிலில் குழாய் பற்றவைக்கும்போது நான் பந்து உதைத்தேன். கேலி செய்ய அவர்களுக்கு உரிமை இருந்தது.

மைதானம் என்றால் புல் இல்லை. மணலைச் சமன்செய்து, கச்சா எண்ணெய் தெளித்து இறுக்கிய தரை. பூட்ஸ் ஊன்றினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்த வெள்ளிக்கிழமை வலது காலை ஊன்றி உள்பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. உள்ளே 'டக்' என்றது. முதலில் வலி இல்லை. அந்தச் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலை முழங்கால் சின்னப் பூசணிக்காய் போல் இருந்தது. (ராத்திரியோடு ராத்திரியாக வீங்கினால் கோளாறு மூட்டுக்கு உள்ளே என்று அர்த்தம். இது பிறகு தெரிந்துகொண்டது.)

அண்ணாச்சி விபத்துப் படிவத்தோடு வந்தார்.

"வெள்ளிக்கிழமை லீவுல ஆடி விழுந்தேன்னு எழுதினா கம்பெனி உன்னப் பாக்குமாலே? சைட்ல பைப்புல இடிச்சிக்கிட்டேன்னு சொல்லு. கலாஸ், முடிஞ்சுது."

"டாக்டர் கேட்டா?"

"டாக்டர் காலத்தான பாப்பாரு? படிவத்தையா பாக்கப்போறாரு?"

சாட்சி இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

கிளினிக்கில் டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். விழுந்தபோது கால் திருகியதா? இல்லை என்றேன். பைப்பில் இடித்ததா? ஆமாம். எங்கே? வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினேன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. மெனிஸ்கஸ் (முழங்கால் மூட்டில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு) எக்ஸ்ரேயில் தெரியாது. அது கிழிந்திருக்கிறது என்பதற்கு அன்று இருந்த ஒரே தடயம் அந்தத் திருகல். அதை நான் மறைத்துவிட்டேன். வெறும் ஊமைக்காயம் என்று முடிவாகி, மூன்று வாரம் மாவுக்கட்டு போட்டார்கள்.

கட்டைப் பிரித்தபோது தொடை பாதியாகியிருந்தது. அப்படித்தான் ஐரீனிடம் அனுப்பப்பட்டேன். அவர் டேப்பால் இரண்டு தொடைகளையும் அளந்துவிட்டு, "ரெண்டு அங்குலம் காணோம். எங்க விட்டுட்டு வந்தே?" என்றார். (எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. நான் கேட்ட தொனியில் தமிழில் தருகிறேன்.)

*

பத்து முறை தூக்கினால் தாத்தா கதையில் ஒரு துண்டு. இதுதான் ஒப்பந்தம். நான் சும்மா கேட்கிற ஆள் இல்லை. பந்து எவ்வளவு கனம்? மழையில் நனைந்தால்? ஷூவில் ஆணி உண்டா? "மூச்சை எண்ணுறதுக்கு வச்சுக்கோ" என்பார் ஐரீன்.

தாத்தாவை ஊரில் ஜேமி என்றார்களாம். ஸ்காட்லாந்தில் கல் கொத்தும் வேலை பழகிக்கொண்டிருந்தவர். இங்கிலாந்தின் வடக்கே பஞ்சாலை ஊர்களில் சனிக்கிழமை பிற்பகல் ஆட்டங்களுக்குக் கூட்டம் அலைமோதிய காலம் அது. நல்ல ஆட்டக்காரர்கள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். ஆனால் ஆட்டத்துக்குக் காசு கொடுப்பது விதிப்படி குற்றம். அதனால் கிளப்புகள் ஒரு வழி கண்டுபிடித்தன. ரயிலில் வரவழைத்து, ஒரு ஆலையில் பெயருக்கு வேலை போட்டுக் கொடுத்தன. ஜேமி, ஆலைப் பதிவேட்டில் கிடங்குத் தொழிலாளி. மைதானத்தில் இடதுபுறம் ஓடும் முன்வரிசைக்காரர்.

நான் காலை இறக்க மறந்துவிட்டேன்.

"இறக்கு. அதுல என்ன அதிசயம்?"

"ஒண்ணுமில்ல. சொல்லுங்க."

கால்பந்துச் சங்கத்திலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்தார்களாம். கிடங்கில் உனக்கு என்ன வேலை என்று கேட்டால் சொல்ல ஜேமிக்கு ஆறு பதில்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். அவர்கள் ஏழாவதைக் கேட்டார்கள். ஒரு பேலில், அதாவது கட்டிய பொதியில், எத்தனை துண்டு துணி? ஜேமி யோசித்துவிட்டு, "எண்ணுறதுக்கு வேற ஆள் இருக்கான் ஐயா. நான் தூக்குறவன்" என்றாராம். வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

இரண்டாவது பருவத்தில், உறைந்து கல்லாகிப்போன ஒரு மைதானத்தில் அவர் முழங்கால் திருகியது. மைதானத்தில் அடிபட்டதாக டாக்டரின் குறிப்பில் ஏறினால், விசாரணைக்காரர்கள் கையில் கிடைத்தால்? ஆலை மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். வீக்கத்துக்கு அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள், அயோடின் தடவினார்கள். மூன்றே வாரத்தில் ஆடினார்.

அதற்கடுத்த வருடம் சட்டமே மாறிவிட்டது. ஆட்டத்துக்கு வெளிப்படையாகச் சம்பளம் வாங்கலாம் என்றாகிவிட்டது. இனி பொய் தேவையில்லை. ஆனால் இப்போது வேறு சிக்கல்: ஊனமான முழங்காலை யார் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள்? ஆகவே மறைத்தார். ஐந்து பருவங்கள். ஃபிளானல் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஆடினார். நடுஆட்டத்தில் மூட்டு பூட்டிக்கொள்ளும். ஷூக் கயிறு கட்டுவதுபோல் குனிந்து, காலை உதறி, தானே திறந்துகொள்வார். எலும்பு வைத்தியரிடம் ரகசியமாகப் போய் இழுத்துவிட்டுக்கொள்வார். பார்வையாளர்களுக்கு அவருடைய வேகம் குறைந்ததுதான் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டவர்களே வசை பாடினார்கள். இரண்டாம் அணிக்கு இறக்கினார்கள், பிறகு வேறொரு சின்ன கிளப். முப்பது வயதில் கைத்தடி.

இதைக் கேட்ட அன்று புதன்கிழமை. ஐரீன் மணல் மூட்டையை அவிழ்த்து, என் முழங்காலை மடக்கி நீட்டினார். உள்ளே 'க்ளிக்'. இன்னொரு முறை மடக்கினார். க்ளிக்.

"நீ பைப்புலதானே இடிச்சிக்கிட்டே?"

இதைவிடத் தெளிவாக யாரும் ஒரு கதவைத் திறந்துவைக்க முடியாது. நான் "ஆமாம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அரையிறுதி ஆட்டம்.

*

அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை. "அரை மணி நேரம் சும்மா நில்லுலே. ஓட வேண்டாம். நீ நிக்கதப் பாத்தாலே அவனுவ ரெண்டு பேரு உங்கூட நிப்பானுவ" என்றார். அதற்குள் நான் பூட்ஸ் கட்டியிருந்தேன். ஆட ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் உண்மை. ஆடாத வலதுபுற ஆட்டக்காரனுக்கு அந்த ஊரில் என்ன வேலை என்ற பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆசைதான் பெரிது.

நிற்கச் சொன்னால் நிற்க முடியுமா? இருபது நிமிடம் ஆகியிருக்கும். பந்து வந்தது. ஒருவனைத் தாண்டி, கோட்டோரம் போய், உள்ளே தூக்கிப் போட்டேன். கோல் விழுந்த ஆரவாரம் கேட்டது. பார்க்கவில்லை. நான் தரையில் கிடந்தேன். முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது. உதறினேன். திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மேத்யூ, மெட்ராஸில் படித்த மலையாளி. என் காலைத் தொடுவதற்கு முன்னால், "ஆதியில இருந்து சொல்லு" என்றார். கட்டில் பக்கத்தில் அண்ணாச்சி நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். படிவத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சொல்லுலே. உள்ளதச் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "ஆறு வாரம் முன்னாடி இதச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை இன்றும் நான்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

மெனிசெக்டமி (கிழிந்த குருத்தெலும்பை மூட்டைத் திறந்து அகற்றும் அறுவை) நடந்தது. கிழிந்த துண்டு உள்ளே மடிந்து, ஆறு வாரமாக எலும்பின் வழவழப்பான மேல்பரப்பைத் தேய்த்திருந்தது. மெத்தையை எடுத்துவிட்டார்கள். தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

"நடக்கலாம். மாடி ஏறலாம். கல்யாணம் பண்ணலாம். பந்து மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர்.

"எத்தன மாசத்துக்கு சார்?"

அவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அண்ணாச்சிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டீமை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மேனேஜர் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. ஸ்டோருக்கு அனுப்பினார். விசாவில் எழுதியிருந்த பொய் அன்று முதல் உண்மையானது.

*

மறுபடி ஐரீன், மறுபடி மணல் மூட்டை. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டேனே."

ஐரீன் மணல் மூட்டையை என் கணுக்காலில் கட்டினார். பிறகு அவரே, எண்ணிக்கை எதுவும் கேட்காமல், கதையின் மிச்சத்தைச் சொன்னார். ஜேமி கடைசியில் அதே ஆலையின் கிடங்கில் நிஜமாகவே வேலைக்குச் சேர்ந்தாராம். இந்த முறை பேலில் எத்தனை துண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐரீனுக்கு நினைவிருப்பது, கணப்பு எதிரே மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு கிழவர். வீட்டில் எல்லோரும் அந்தக் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு எழுந்துபோய் சன்னலைச் சாத்துவார். மைதானம் இரண்டு தெரு தள்ளி.

"கால் எப்படிப் போச்சு தாத்தான்னு சின்ன வயசுல கேட்டேன். ஆலைப் படியில விழுந்துட்டேன்னார். எல்லாச் சட்டமும் மாறி அறுபது வருஷம் ஆச்சு. அப்பவும் படியில விழுந்ததாத்தான் சொன்னார். பாட்டி சொல்லித்தான் நெஜம் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. என் காலுக்காக அதுவரை அழுததில்லை.

எனக்கு இருபத்து நாலு வயது. என் வலது முழங்காலுக்கு அறுபது என்கிறார் டாக்டர் மேத்யூ. ஒரே உடம்பில் இரண்டு வயதோடு இருப்பது விநோதமான குடித்தனம். ஒருவன் படியில் தாவ நினைக்கிறான், மற்றவர் பொறு என்கிறார். முன்பெல்லாம் வாரம் என்பது வெள்ளிக்கிழமைக்குப் போகும் வழி. இப்போது வெள்ளிக்கிழமை மிக நீளமான நாள். துணி துவைக்கிறேன், இதை எழுதுகிறேன். மாலை நாலு மணிக்கு, ஆட்டம் தொடங்கும் நேரத்தில், தொடை தானாக இறுகுகிறது. அதற்கு இன்னும் யாரும் செய்தி சொல்லவில்லை போலும்.

சென்ற மாதம் ஐரீன் என் அட்டையில் 'முடிந்தது' என்று எழுதிவிட்டார். முழங்கால் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்கிவிட்டது, அவருடைய ஊருக்கு அது போதும். எங்கள் கேம்புக்குப் போதாது என்றேன். சாப்பாடு தரையில், பாயில். கழிப்பறை குந்தும் வகை. ஐரீனுக்குக் குந்துவது என்றால் என்னவென்று புரியவில்லை. என்னைப் பார்க்க வந்திருந்த கருப்பையா அண்ணனைச் செய்துகாட்டச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில வந்து குந்தச் சொல்றியேப்பா, வெளங்குமா?" என்றபடி வார்டு நடுவில் குதிகால் தரையில் பட அப்படியே உட்கார்ந்தார். ஐரீன் கோணமானியோடு அவரைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார். "அளந்து சட்டை தைக்கப் போறாகளா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். ஐரீன் அட்டையில் எழுதியதை அடித்துவிட்டுப் புதிய எண்ணைக் குறித்தார்.

குந்துவதற்கு இன்னும் நாளாகும். முதலில் சம்மணம். மெஸ்ஸில் நாலு கம்பளிகளை மடித்து அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன். எல்லோருக்கும் மேலே, ஜமீன்தார் மாதிரி. வாரத்துக்கு ஒன்றாக உருவ வேண்டும் என்பது ஐரீனின் கணக்கு. முதல் கம்பளி சுலபமாகப் போனது. இரண்டாவதை உருவிய அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன், ஆனால் கம்பளியைத் திரும்ப வைக்கவில்லை. இன்னும் இரண்டு இருக்கின்றன. நாளை மதியம் மூன்றாவதை உருவிப் பார்க்கப் போகிறேன்.