முதலிடத்தில் சூப்பர்வைசர்கள் டீம்

எங்கள் கம்பெனி கால்பந்துப் போட்டியில் அரையிறுதிக்குப் போகிறவர்களைப் புள்ளிகள் தீர்மானிப்பதில்லை. மேனேஜர்கள் உட்கார்ந்து தரவரிசை போடுவார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களான எங்களிடம் மூன்று கோல் வாங்கித் தோற்ற சூப்பர்வைசர்கள் டீமுக்கு இந்த முறை முதலிடம். எங்களுக்கு இடமே இல்லை.

ஆத்திரத்தில் நேற்று ஒரு பொய்ப்பெயர் ஃபேஸ்புக் பக்கத்தில், "இது ஊதிப் பெருக்கிய டீம்" என்று எழுதினேன்.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் அந்த டீமின் கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் லைன் சூப்பர்வைசரும் அவர்தான்.

போனை நீட்டினார். "இன்னாபா, இத்த பாத்தியா? எங்க டீம எவனோ கலாய்ச்சு எழுதிக்கினு கீறான்."

"பாக்கலண்ணே."

"எனக்குத் தெரியும், யாருன்னு. உன் ரூம்மேட் முருகேசன். உங்க டீம் கோல் கீப்பருக்கு வாய் ஜாஸ்தி. கான்ட்ராக்ட் நீட்டிக்கிற லிஸ்ட் நாளைக்குப் போவுது. அவன் பேர தூக்கிடறேன்."

முருகேசன் இரண்டு சீட் முன்னால், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். திருநெல்வேலியில் அவன் சம்பளத்தை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள்.

அந்த லிஸ்டில் என் பெயரும் இருக்கிறது. மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

எழுதியது நான்தான் அண்ணே. முருகேசனுக்கு எதுவும் தெரியாது. இந்தப் பதிவைச் சொந்தப் பெயரில் போடுகிறேன்.

நாளைக் காலையும் அதே பஸ்தான். என் பக்கத்து சீட்டில் உட்கார யாராவது வருகிறீர்களா?