ஒரே வாளியில் ஊறிய சட்டைகள்

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா தஞ்சோங் காராங் போன பிறகுதான் எங்கள் வீட்டில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை சோறு தானாக வெந்துகொண்டிருந்தது. துணி தானாகக் காய்ந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்கே மண்டோர், ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிறவர். நான் அவர் மேற்பார்வையில் பால்மரம் சீவுகிறவன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

என் மனைவி தோட்டத்து வேலைக்கு வரவில்லை. ரவாங்கில் ரேடியோ சாமான் செய்யும் பேக்டரி ஒன்றில் சேர்ந்திருந்தாள். விடிவதற்கு முன்பே பேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அம்மா போன அடுத்த வாரத் திங்கட்கிழமை பெண் சூப்பர்வைசர் கூப்பிட்டு, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வதாக இருந்தது.

அம்மா கிளம்பிய அன்று எங்கள் இருவருக்கும் ஒரே பயம். வீடு யார் பார்ப்பது என்று அப்பா கேட்டால் கதை முடிந்தது. மனைவி என்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

"மாமா வேலைய விடச் சொன்னா விட்டுருவேன். அவர எதுத்துப் பேச மாட்டேன். ஆனா அப்புறம் உங்ககிட்டயும் பேச மாட்டேன்."

இதில் எனக்கு என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்பா விடச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் பிரச்சினையைத் தீர்த்தார். தோட்டத்தில் தினமும் விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மரவரிசை என்று மண்டோர் பிரித்துக் கொடுப்பார். அதற்குப் பெயர் பெரட்டு. அப்பா எங்கள் நடுவீட்டில் பெரட்டு வைத்தார். நாங்கள் இருவர்தான் ஆள். நின்றோம்.

"சமையல் மருமக. வெறகு, தண்ணி, பாத்தரம் இவன். துணி நான்."

"நீங்களா மாமா?" என்றாள் மனைவி.

"ஏன், நூறு பேர வச்சு வேலை வாங்குறேன். நாலு சட்டைய வேலை வாங்க முடியாதா?"

அம்மாகூட அப்பாவின் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. முதல் வாரம் நன்றாகவே போனது. அப்பா துவைத்த காலர்கள் அம்மா துவைத்ததைவிடச் சுத்தமாக இருந்தன. நான் கழுவிய பாத்திரங்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி காலையிலேயே பஸ் பிடித்து அக்காவின் குழந்தையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுடைய பேக்டரி சட்டையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். வெளிர்நீலச் சட்டை. நிரந்தரமாகும் வரை ஒன்றுதான் கொடுப்பார்கள்.

எங்கள் தோட்டத்து வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர். லயத்துக் குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அப்பா யோசித்திருக்கிறார். இரண்டு வாளியில் தனித்தனியாக ஊறவைத்தால் தண்ணீரும் வீண், நேரமும் வீண். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுச் சோப்புத்தூள் கொட்டி, ஊறவைத்து, கல்லில் வைத்துக் கசக்கி, தண்ணீர் நிற்பதற்குள் கொடியில் போட்டுவிட்டார். அந்த 'எல்லாம்' என்பதில் நான் முந்தின நாள் ரப்பர் பாலைச் சிந்திக்கொண்டு வந்து அப்படியே மூலையில் எறிந்த, மரம் சீவப் போடும் வெட்டுச் சட்டையும் சேர்த்தி. பால் பட்ட துணியை மற்றதோடு சேர்க்கக் கூடாது என்பது லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க ரப்பரிலேயே இருந்த அப்பாவுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கொடிப் பக்கம் போன நான் நீலச் சட்டையைப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க ரப்பர் ஒட்டிப் பழுப்புத் திட்டுகள். நெஞ்சுப் பையின் வாய் ஒட்டியே போயிருந்தது. சட்டையைக் கொடியிலிருந்து உருவினேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ரப்பருக்கு மண்ணெண்ணெய் என்று தெரியும். அடுப்பங்கரையிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் பின்னால் குந்தினேன். தேய்த்தேன். சில திட்டுகள் போயின. சில திட்டுகள் போவதற்குப் பதிலாக அகலமாயின. சட்டை நாறியது. நாற்றத்துக்கு எலுமிச்சை பிழிந்தேன். எலுமிச்சைக்கு மேல் முகப்பவுடர் தூவினேன். இப்போது அது பூஜைக்குத் தயாராகிற மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி மணத்தது. சூடு காட்டினால் நாற்றம் பறந்துவிடும் என்று கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிக் கனல வைத்தேன். நெருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மண்ணெண்ணெய்ச் சட்டையை நோக்கி நடந்தவனைப் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, லயத்தையே கொளுத்தப் போறியா, இல்ல உங்க வீடு மட்டுமா?"

"இல்லக்கா, சட்டை தேய்க்கப் போறேன்."

"தேய்ப்ப, தேய்ப்ப. பெட்டியக் கீழ வையி மொதல்ல."

வைத்தேன். சத்தத்தில் அப்பா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னடா, மருமக சட்டை காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சுப்பா. மடிச்சு வச்சிட்டேன்."

"காலரப் பாத்தியா? எப்படி எடுத்திருக்கேன்?"

"பாத்தேன்பா."

அவர் முகத்தில் ஒரு திருப்தி. அதைக் கெடுத்தால் இனி வாளியைத் தொட மாட்டார். தொடாவிட்டால் அடுத்த பெரட்டில் மருமகளுக்குத்தான் எல்லா வேலையும் விழும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவள் இந்தச் சட்டையோடு பேக்டரிக்குப் போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் பறிபோவது அவள் பேக்டரி வேலைதான். நான் அடுப்பங்கரையில் நின்று காலி மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கழுவினேன். அதை ஏன் கழுவினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் மனைவி வாசலுக்கு வரும் முன்பே மூக்கைச் சுளித்தாள். அறைக்குள் கூட்டிப் போய்க் காட்டினேன். சட்டையை எடுத்து முகர்ந்தாள்.

"யாரு தொவச்சா?"

"நாந்தான்."

"பொய்யி. நீங்க தொவச்சிருந்தா காலர்ல அழுக்கு இருக்கும்." சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "மாமா ஒண்ணா ஊறப்போட்டுட்டாரா?"

தலையாட்டினேன்.

"இப்ப மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கு நான் போய்ப் பாத்துக்கறேன்."

"வேலையவிட்டு நிறுத்திட்டா?"

"நிறுத்தினா அழுதுக்கறேன். இப்ப எதுக்கு நீங்க அழறீங்க?"

மண்ணெண்ணெய் கண்ணில் பட்டது என்று சொன்னேன். நம்பவில்லை.

திங்கட்கிழமை அந்தச் சட்டையோடு பஸ் ஏறிப் போனாள். நான் நிரையில் மரம் சீவிக்கொண்டிருந்தேன். மனம் ரவாங்கில் இருந்தது. கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டது. ஒரு மரம் இல்லை, வரிசையாகப் பல. அப்பா பின்னாலேயே வந்தார்.

"எதுக்குடா மரத்துக்கெல்லாம் காயம் போடுற? பொண்டாட்டி ஓடிட்டாளா?"

அந்த நிலைமையில் அது எனக்குச் சிரிப்பாக இல்லை.

மாலையில் அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பையில் புதுச் சட்டை. நடந்ததை அப்பாவுக்கு முன்னாலேயே, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பஸ்ல எல்லாரும் ஜன்னலத் தொறந்துட்டாங்க மாமா. உள்ள போனா, ஈயம் பத்தவைக்கிற எடத்துல இந்த நாத்தத்தோட உக்காரக் கூடாதுன்னு சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்புனாங்க. மலாய்க்கார அக்கா. என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன்."

"என்னான்னு?" என்றார் அப்பா. கை சோற்றில் நின்றுவிட்டது.

"எம் மாமனாரு தொவச்சாரு, ரப்பர் பால் ஒட்டிக்கிச்சுன்னு. மொதல்ல அவங்க நம்பவே இல்ல. மாமனாரா, துணி தொவைக்கிறாரான்னு ரெண்டு மூணு தடவ கேட்டாங்க. கல்யாணம் ஆன பொண்ணுங்க வீட்ல வேலை பாக்க ஆள் இல்லாம ரெண்டு மாசத்துல வேலைய விட்டு நின்னுர்றாங்களாம். உன் வீட்ல இப்படி ஆளு இருந்தா நீ அப்படி நின்னுர மாட்டன்னு சொல்லி, வேலைய நிரந்தரம் பண்ணிட்டாங்க. சட்டையும் குடுத்தாங்க."

அப்பா சாப்பிட்டு முடித்தார். கைகழுவிவிட்டு வந்து நின்றார். வெட்கப்படுகிறாரா, கோபமா என்று எனக்குப் புரியவில்லை. எச்சில் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"பஸ் முழுக்க என் பேரு போயிருக்கும்" என்றார்.

"போயிருச்சு மாமா" என்றாள் அவள்.

"சரி. இனியும் துணி நாந்தான்." என் பக்கம் திரும்பினார். "பாலு யாரு சட்டையில இருந்துச்சு?"

"என் சட்டையிலதான்பா."

"அப்ப உன் சட்டைய நீ தொவ. என் வாளிப் பக்கம் வரக் கூடாது."

மறுநாள் சாயங்காலம் வெட்டுச் சட்டையும் ஒரு பழைய வாளியுமாகக் குழாயடிக்குப் போனேன். லயத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கேலி கேட்கத் தயாராகவே போயிருந்தேன். இரண்டு மூன்று பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கிலியாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"முன்னாடி வந்து பிடிலா தம்பி. தண்ணி நிக்கப் போவுது."