என் நிரையில் எதிரே வந்தவர்கள்

அந்த வலிக்கு ஓர் இடம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை கெட்ட பெயர் வந்திருக்காது. கை வெட்டுப்பட்டவள் கையைக் காட்டுவாள். கால் வீங்கியவள் காலைக் காட்டுவாள். நான் எதைக் காட்டுவது? இன்றைக்குக் கழுத்தும் தோளும், நாளைக்கு இடுப்பும் முழங்காலும், அதற்கு மறுநாள் உடம்பு முழுவதும். தொட்டால் வலி, தொடாவிட்டாலும் வலி. வீக்கமில்லை, காய்ச்சலில்லை, காயமில்லை. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன்.

கலவானப் பக்கத்தில், காட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா படுக்கையில் விழுந்தபோது எட்டாம் வகுப்பிலிருந்து என்னை நிறுத்தி, அம்மாவுக்குப் பதிலாக என் பேரைப் பதிந்தார்கள். தோட்டத்தில் அதுதான் வழி. லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறை, ஒரு காம்பரா, நமக்கு இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஆட்கள் மலைக்குப் போக வேண்டும். அன்று பள்ளிக்கூடத்துப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் மகள் பிறந்த நாளிலிருந்தே ஒன்றை மட்டும் பிடிவாதமாக நினைத்திருந்தேன். இவள் பதினோராம் வகுப்பு வரைக்கும் படித்து ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும். எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான்.

வலி வந்தது அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது. தோட்டத்து மருந்துக்காரர் பனடோல் கொடுத்து வேலைக்குப் போகச் சொன்னார். கோடாங்கி உடுக்கடித்துப் பார்த்துவிட்டு, காட்டோரத்தில் எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று திருநீறு போட்டார். நான் காட்டுக்கு ஒருநாளும் பயந்ததில்லை. விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டுமே, அதற்குத்தான் பயந்தேன்.

இரத்தினபுரியை வெள்ளம் மூழ்கடித்த அந்தப் பெரிய மழைக்கு அடுத்த வருஷம், அங்கே ஒரு டாக்டரிடம் போனேன். இளம் பெண், சிங்களவர். ஏற்கெனவே எடுத்த இரத்தம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கட்டை விரலால் கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு என்று ஒவ்வோர் இடமாக அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் துள்ளினேன். ஃபைப்ரோமயால்ஜியா என்றார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எலும்பிலோ இரத்தத்திலோ கோளாறில்லை, வலியை உணர்கிற நரம்புகள்தான் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன என்று சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாமல் பிழைக்க முடியாது, அதனால் எனக்கு எல்லாம் விளங்கியது. எல்லாரும் நடிக்கிறேன் என்கிறார்கள் டாக்டர் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பொரு கியன்னெ நே" என்றார். அம்மா பொய் சொல்லவில்லை. இந்த நோய் முற்றாகக் குணமாகாது என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அதற்கு அழாத நான் இதற்கு அழுதேன்.

இரவில் போட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். வேலையை விட்டுவிடாதீர்கள், ஆனால் துண்டு துண்டாகச் செய்யுங்கள், நடுவில் உட்காருங்கள் என்றார். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் மறுநாள் எழும்ப முடியாது, கொஞ்சம் பலத்தை மிச்சம் வைக்கப் பழகுங்கள் என்றார். நல்ல புத்திதான். ஆனால் அவர் கொழுந்து மலையைப் பார்த்ததில்லை. மலையில் ஆளுக்கொரு நிரை. அடிவாரத்தில் எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி, அவரவர் நிரையைப் பறித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் பின்னால் நிற்பது நான் ஒருத்திதான் என்று மலைக்கே தெரியும்.

திரும்பி வந்ததும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் கேட்டார்கள். இரத்தம் நல்லது, எக்ஸ்ரே நல்லது, ஆனாலும் நோய் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே அது எனக்கே நம்பும்படி இல்லை. பக்கத்துக் காம்பரா மதினி, என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லன்னு கேக்குறதுக்கு ரத்னபுரி வரைக்கும் எதுக்கு போகணும்? என்னையக் கேட்டிருந்தா இங்கயே சொல்லியிருப்பேனே."

எல்லாரும் சிரித்தார்கள். மலையில் மதினியின் நிரை எப்போதும் என் நிரைக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகு அவளோடு பேசாமலே ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதுகூடத் தவறு, ஊர்ந்தேன்.

கொழுந்து நிறை குறைந்தது. பாதிச் சம்பளம், அதாவது அரைப்பேர், விழ ஆரம்பித்தது. ஒருநாள் நிறுக்கும் இடத்தில் கங்காணி, மகளைப் பதிந்துவிட்டு நீங்கள் வீட்டில் இருக்கலாமே என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவரும் கவ்வாத்து வெட்டிக் களைத்து வந்திருந்தார். கத்தியை மூலையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். கடைசியில், தீபாவளி வரைக்கும் பார்ப்போம், முழுப்பேர் விழவில்லை என்றால் வேறு வழியில்லை என்றார். பரீட்சை தீபாவளிக்கு அடுத்த மாதம். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பிழையில்லை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

அந்தச் சின்ன மாத்திரை என்னைத் தூங்க வைத்தது. அதற்கு நான் கும்பிடுவேன். ஆனால் காலையில் தலை சுற்றியது, வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. எச்சில் ஊறட்டும் என்று ஒரு துண்டுக் கொறக்காப் புளியை வாயில் அதக்கிக்கொண்டு மலைக்குப் போவேன். ஒருநாள் வெறும் வயிற்றில் ஏறி, பாதியில் வடிகால் கானோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். மதினி திரும்பிப் பார்த்தாள். அவள் சும்மா இருந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

மறுநாள் நான் வழக்கம்போலப் பின்தங்கி நின்றபோது, மேலே என் நிரையில் யாரோ இறங்கி வருவது தெரிந்தது. மதினிதான். தன் நிரையை முடித்துவிட்டு, என் நிரையின் மேல் முனையிலிருந்து பறித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். எதிரே வந்து சேர்ந்ததும் தன் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி என் கூடையில் போட்டாள். போய்விட்டாள்.

எங்கள் மலையில் அப்படி எதிரே இறங்குவது முழுகாமல் இருக்கிறவளுக்கு மட்டும்தான். பிள்ளைத்தாச்சி பின்தங்கினால், முடித்தவர்கள் இறங்கி வந்து அவள் நிரையைச் சுருக்கிக் கொடுப்பார்கள். கங்காணியும் தடுக்க மாட்டார். தலைச்சுற்று, வாந்தி, வாயில் புளி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நான் ஓடிப் போய்ச் சொன்னேன். "மதினி, அப்பிடி ஒண்ணும் இல்ல. அது மாத்திரையால."

"சரி சரி, இப்ப யாரு கேட்டா?" என்றாள். மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். மூன்று மாதம் ஆகும் வரைக்கும் எந்தப் பெண்தான் ஒப்புக்கொள்வாள்? கண்ணூறு பட்டுவிடும் என்று இல்லவே இல்லை என்றுதான் சாதிப்பார்கள். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, இருக்கிறது என்பது உறுதியாகிக்கொண்டே போனது. அடுத்த நாள் வேறு ஒருத்தி இறங்கினாள். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. கங்காணி, பார்த்து நடங்க என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேத்தண்ணிக் கடையில் யாரோ என் கணவரிடம் விசாரித்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, உண்மையா என்று கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். விலாவெல்லாம் வலித்தது. மகள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்து வழியில் கேள்விப்பட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், விஷயம் தெரிந்ததும், அப்படியென்றால் அவர்களிடம் சரியாகச் சொல்லிவிட வேண்டியதுதானே அம்மா என்றாள். சொன்னேன், நம்பவில்லை என்றேன். மலையில் நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வலிக்கிறது என்றேன், நம்பவில்லை. பிள்ளை இல்லை என்றேன், அதையும் நம்பவில்லை.

நிரை பாதியாகச் சுருங்கியதும் டாக்டர் சொன்னபடி நடக்க முடிந்தது. கொஞ்சம் பறித்தேன், கல்லில் உட்கார்ந்தேன், தோளைச் சுழற்றினேன், மறுபடி பறித்தேன். சாயங்காலம் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி இடுப்புக்கு வைத்துக்கொண்டேன். நல்ல நாளில் ஓடியாடிச் செய்ய வரும் ஆசையை அடக்கப் பழகினேன், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வலி போகவில்லை. ஆனால் முழுப்பேர் விழுந்தது. தீபாவளி வந்து போனது, கணவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள் விளக்கடியில் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கவலை, வயிறு. மாதம் போகப் போக வயிறு தெரிய வேண்டுமே. இடுப்பில் கட்டும் சாக்கை இரண்டாக மடித்துக் கட்டலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

மகள் பரீட்சைக்குப் போகத் தொடங்கிய வாரம், மழைக்குள் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது, கங்காணி என் இடுப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். எல்லார் முன்னாலும், இது எத்தனையாவது மாசம் என்று கேட்டார். அரைப்பேர், பதிவு, ஆணியில் தொங்கும் பை, எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தது.

மதினி தன் கூடையை டக்கென்று தராசடியில் இறக்கினாள். "பொம்பளைங்க சமாச்சாரம் ஒங்களுக்கு எதுக்கு கங்காணி? அது தங்கல. அதுக்கு மேல கேக்காதீங்க."

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். முழுப்பேர் போட்டார். பெண்கள் தங்கள் கூடைகளை ஒவ்வொன்றாகத் தராசடிக்கு நகர்த்தினார்கள்.

அன்று சாயங்காலம் பீலியில் மதினி தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கோபமாகத்தான் போனேன். இல்லாத பிள்ளையை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சாகடிக்கலாம் என்று கேட்கத்தான் போனேன். பக்கத்தில் போனதும் வேறு கேள்வி வந்தது.

"நான் முழுகாம இல்லன்னு ஒங்களுக்கு எப்ப மதினி தெரியும்?"

அவள் நிமிரவில்லை. "ரெண்டாம் மாசமே தெரியும். இதே கல்லுலதான தூரத்துணி அலசுன. எல்லாருந்தான் பாத்தோம்."

எல்லாரும். அப்படியென்றால் அதற்குப் பிறகு என் நிரையில் இறங்கிய ஒவ்வொருத்தியும் தெரிந்துதான் இறங்கியிருக்கிறாள். அப்படியே படியில் உட்கார்ந்தேன். நடிக்கிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன்.

"சொன்னேன். அப்ப அப்பிடித்தான் நெனச்சேன்." துணியைக் கல்லில் அடித்தாள். "நமக்கு நடுவுல ஒரு செவருதான புள்ள. வெடிய எந்திரிக்கையில நீ மொனகுறது தெனமும் கேக்குது. ஒம் புருசன் வெளிய போன பொறகும் கேக்குது. பாக்க ஆள் இல்லாதப்ப யாருக்காக நடிக்கப் போற?"

அப்போதே கங்காணியிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? வலிக்கி எறங்குற வழக்கம் இந்த மலையில இல்ல. புள்ளைக்கி இருக்கு. இருக்குறதுலதான ஒன்னைய ஏத்திவிட முடியும்." துணியை அலசிக்கொண்டே, வேறெதையோ சொல்வது போலச் சொன்னாள். "எங்க புள்ளைங்க ஒண்ணும் ஓ.எல். வரைக்கும் போகல. ஒன்னோடதாவது எழுதட்டும்."

மகளுக்கு இன்னும் சில பேப்பர்கள் மிச்சம் இருந்தன. அவற்றையும் எழுதினாள், பாஸும் ஆனாள், அவள் பேர் தோட்டத்தில் பதியப்படவே இல்லை. அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மதினி அலசிய சேலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நான் எழுந்து பிடித்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினோம். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் சுண்டி இழுத்தது.

"வலிக்குது மதினி" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீ சும்மா புடிச்சுக்க, நான் முறுக்குறேன்."