உரச்சாக்கில் பனிச்சறுக்கு

எங்கள் குடும்பமும் ஒருமுறை பனிச்சறுக்கு போயிருக்கிறது. கள்ளக்குறிச்சிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரிக்க வேண்டிய பாதியை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

எல்லாம் சித்தப்பா ஆரம்பித்து வைத்தது. கிணற்றுக்குப் போர் போடும் லாரியோடு இமாச்சலம் வரை போய், எட்டு மாதம் கழித்து எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குத் திரும்பியவர், செல்போனில் ஒரு வீடியோ கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சரிவில் ஆண்களும் பெண்களும் நீளக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு வழுக்கிப் போனார்கள். இதுதான் பனிச்சறுக்கு என்றார். அப்பாவுக்குப் பனி என்றால் விடியற்காலையில் எங்கள் நிலத்து மல்லாட்டைச் செடிமேல் நிற்கிற ஈரம்தான்.

“பனியில இன்னாடா சறுக்குறது? வேட்டிதான் நனையும்.”

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்வராயன் மலையிலும்தான் பனி பெய்கிறது, புல்சரிவும் இருக்கிறது, கட்டைக்குப் பதில் உரச்சாக்கு போதும் என்றார். கார்த்திகை முடிவில், பனி இறங்கத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமைக்கே ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பேசிவிட்டார்.

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. வகுப்பில் போய், நாங்கள் கல்வராயன் மலைக்குப் பனிச்சறுக்கு போகிறோம் என்று பீற்றிக்கொண்டேன். சாக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஜவுளிக்கடைக்காரர் மகள் மட்டும், எந்த இடம், எத்தனை மணிக்கு என்று விவரமாகக் கேட்டாள். நானும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

வெள்ளிமலை போகிற வழியில் ஒரு சரிவு. முழங்கால் அளவு புல், அத்தனையும் நனைந்திருந்தது. ஒரு பக்கம் பள்ளம், அதற்குள் மூட்டம் நிறைந்து கிடந்தது. சித்தப்பா முதலில் போய்ப் பாதியில் உருண்டார். அப்பா, அவ்வளவு பேசியவர், மூன்று தடவை போனார். நானும் தம்பியும் போனதற்குக் கணக்கே இல்லை. இரண்டு சாக்கில் ஒன்று கிழிந்துபோயிற்று. அம்மா வண்டியோரம் உட்கார்ந்து எல்லாருக்கும் புளிச்சோறு போட்டுத் தந்துகொண்டிருந்தாள். அதற்காக அவள் எப்போது எழுந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

“நீங்களும் ஒரு வாட்டி போங்க அண்ணி” என்றார் சித்தப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்துவிட்டாள். எங்களில் ஒருவருக்கும் வாய்க்காத மாதிரி, சாயாமல், நிற்காமல், அடிவரைக்கும் போனாள். போகும்போது கத்தினாள். அம்மாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்தா ஒரு கார் வந்து நிற்க வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் குடும்பம், ஆளுக்கொரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக இறங்கியது. என் தோழி கையுறைகூட மாட்டியிருந்தாள். ஐஸ் எங்கே என்று அவள் அப்பா சுற்றுமுற்றும் தேடினார். அதைப் பார்த்து நாங்கள்தான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் கீழிருந்து அம்மா ஏறி வந்தாள், பின்பக்கம் முழுக்கச் சேறு, முழங்கால் தெரிய, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரிப்பை நிறுத்த முடியாமல்.

“உங்கம்மாவா அது?” என்றாள் தோழி.

கேட்டுவிட்டு வாயைக் கையுறையால் மூடிக்கொண்டாள். எனக்கு மானமே போய்விட்டது. மூன்று தடவை சறுக்கிய அப்பாவால் போகாத மானம், அம்மா ஒரு தடவை சறுக்கியதில் எப்படிப் போயிற்று என்று அப்போது யோசிக்கவில்லை.

அம்மா சாக்கை ஒரு பாறைமேல் வைத்தாள். “தண்ணி குடிச்சிட்டு இன்னொரு வாட்டி போய்க்கிறேங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பாவும் போயிட்டு வா என்றார். அம்மா தனக்கென்று ஒன்றை வாய்விட்டுக் கேட்டு நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அவள் வண்டிப் பக்கம் திரும்பியதும் நான் சாக்கை எடுத்தேன். பள்ளத்து ஓரம் போய், சுருட்டி, உள்ளே ஒரு கல்லையும் வைத்து வீசினேன். மூட்டத்துக்குள் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

திரும்பினால், அம்மா வண்டியோரம் பாட்டிலைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சித்தப்பா வந்து பாறையைப் பார்த்தார். “சாக்கு எங்க அண்ணி?”

காற்றில் பறந்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மாவே சொல்லிவிட்டாள்.

“காத்து அடிச்சிக்கினு போயிடுச்சி தம்பி. போவுது வுடுங்க.”

செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டு, சோற்றுப் பாத்திரங்களை எடுத்து வைக்கத் தொடங்கினாள். தோழிக்கும் அவள் குடும்பத்துக்கும் மிச்சமிருந்த புளிச்சோற்றை உபசாரம் செய்து கொடுத்தாள். எனக்குப் பெரிய நிம்மதி. நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அம்மாவும் ஏமாந்துவிட்டாள். மலை இறங்கும்போது அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கூடப் போனேன்.

நாங்கள் கிளம்பும்வரை பள்ளத்து மூட்டம் கொஞ்சமும் கலையாமல் போட்டது போட்டபடி கிடந்தது. காற்று என்று ஒன்று அடித்திருந்தால் அது கலைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.