ஆசிரியர் அறையில் விரித்த குடை

இயற்பியல் மேடம் கொடுத்த குடை என் மேசைக் காலில் சாய்ந்து நிற்கிறது. கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது. வெயிலிலும் மழையிலும் அவர் அதை விரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆசிரியர் அறைக்குள், மின்விசிறிக்குக் கீழே விரித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

நாமக்கல்லுக்கு வெளியே, கோழிப்பண்ணைகளைத் தாண்டி இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கணித மேடமாக இருந்த காலம் அது. சீட்டு நிரம்பாத காலமும் அதுதான். மெக்கானிக்கல் பிரிவை மூடி, அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர்களை அடுக்கினார்கள். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்களை வெண்ணந்தூர்ப் பக்கம் வீடு வீடாக ஆள் பிடிக்க அனுப்பினார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள், தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கல்லூரிப் பெருமை பேசினோம். வெட்கக்கேடுதான். ஆனாலும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சேர்ந்து புலம்பினால் பாதி ஆறிவிடும். அதற்கும் ஒரு நாள் வேட்டு வைத்தார்கள். கூரையில் கேமரா முளைத்தது.

சேர்மன் வீட்டு விசேஷத்தில் பாயசம் அடிப்பிடித்துவிட்டது என்று வேதியியல் சார் அந்த அறையில் சொல்லிச் சிரித்தார். மறுநாளே அவரைக் கல்லூரியின் ராசிபுரம் பஸ்ஸுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். விடியுமுன்னே போய் நிற்க வேண்டும். லீவு தராததைப் பற்றி ஆங்கில மேடம் முணுமுணுத்ததும் மேலே போய்ச் சேர்ந்தது. அடப்பாவிகளா, இந்தக் கண்ணுக்குக் காதும் உண்டா என்று அரண்டுபோனோம். அப்போதுதான் இயற்பியல் மேடம் குடையை விரித்தார். மோகனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். நிர்வாக அலுவலர் எட்டிப் பார்த்து, "உள்ளுக்குள்ள எதுக்குங்க மேடம் குடை?" என்றார்.

"டியூப் லைட்டு கண்ணைக் கூசுதுங்க."

அலுவலர் சிரித்துக்கொண்டே போனார். தோற்றுப்போன சிரிப்பு என்று நாங்கள் கொண்டாடினோம். வாயசைவாவது தெரியாதே என்று, மனசில் பாரம் உள்ளவர்கள் நாற்காலியைக் குடைக்கடியில் நகர்த்திக்கொண்டார்கள்.

அங்கே வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வேறு வேலைக்குப் போகப் பார்க்கிறோம் என்று தெரிந்தால் லேசில் தரமாட்டார்கள். எனக்கோ சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. ஒரிஜினல் இல்லாமல் போய்ப் பயனில்லை. வீட்டுக்கடனுக்கு வங்கியில் கேட்கிறார்கள் என்று அலுவலகத்தில் புளுகினேன். உண்மையை இயற்பியல் மேடம் ஒருவரிடம்தான் சொன்னேன், அந்தக் குடைக்கடியில். சொல்லி முடித்ததுமே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மற்றவர்களையெல்லாம் பந்தாடுகிறார்கள், குடை பிடிக்கிற இவரை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? சான்றிதழ் கைக்கு வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் வந்தது. வேலையும் கிடைத்தது.

விடைபெற்ற அன்று வாசல்வரை வந்தவர், குடையை என் கையில் திணித்தார்.

"வெச்சுக்க சாமி, உனக்கு ஆவும். அந்தக் கேமரா வெறும் கூடுதான், தெரியுமா?"

"என்னங்க மேடம் சொல்றீங்க?"

"நான் பிசிக்ஸ்காரி, ஒயரு எங்க போவுதுன்னு பாக்காம இருப்பனா? மாட்டுன அன்னிக்கே ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்துட்டேன். மேல சுருட்டி வெச்சிருக்காங்க. எங்கயும் போவல."

நிர்வாக அலுவலரின் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களில் ஒருவர்தான் போய்ப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"அப்பறம் எதுக்குங்க குடையை விரிச்சீங்க?"

"எல்லாரும் கேமரா மேலயே சந்தேகப்படட்டும்னுதான் கண்ணு. ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டா அந்த ரூம்ல எப்படி ஒக்காந்து சோறு திங்கறது?"

"யாருங்க அது?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? பஸ்ஸு வருது பாரு."

பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் புரட்டினேன். என் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள்தானே எல்லோரும்! ஏன், பாயசக் கதையையே எங்களை ஆழம் பார்க்கச் சொல்லியிருப்பாரோ வேதியியல் சார், பஸ் தண்டனையும் நாடகம்தானோ? பொங்கலுக்கு அவர் போன் செய்தால் இன்றைக்கும் வார்த்தையை அளந்துதான் பேசுகிறேன்.

இப்போது இந்தச் சேலம் பக்கத்துக் கல்லூரியில் நான் துறைத்தலைவர். எங்கள் அறைக் கூரையிலும் ஒரு கேமரா இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று காலை முதல்வர் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, "உங்க ஸ்டாஃபெல்லாம் ரூம்ல என்னங்க மேடம் பேசிக்கறாங்க?" என்று கேட்டார்.

"கேமராதான் இருக்குதுங்களே சார்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. "முட்டை விலையைப் பத்தித்தானுங்க பேசிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, பாதிக் காபியோடு எழுந்து வந்துவிட்டேன்.

நான் உள்ளே நுழைந்ததும் அறையில் பேச்சு நின்றது. முதல்வர் அறையில் நான் காபி குடித்தது எனக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் தன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டாள். கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மேசைக் காலில் இருந்த குடையை எடுத்து விரித்தேன்.

"டியூப் லைட்டு கண்ணைக் கூசுதுங்க" என்றேன்.

ஒருவரும் என் பக்கம் நாற்காலியை நகர்த்தவில்லை.