கையுறைக்குள் கிடைத்த மோதிரம்

இது கட்டுக்கதை இல்லை. கட்டுவதாக இருந்தால் எங்கள் அத்தானைவிடத் தைரியசாலியாக ஒருவரைப் பிடித்து வைத்துக் கட்டியிருக்கலாம். நடந்தது நடுநிசியிலும் இல்லை. பட்டப்பகல், மணி மூன்று பத்து.

அத்தானுக்கு அணுமின் நிலையத்தின் கழிவுக் கொட்டகையில் வேலை. கதிர்வீச்சுப் பட்ட கையுறை, அங்கி, துடைத்த துணி எல்லாவற்றையும் இரும்புப் பீப்பாயில் போட்டு எந்திரத்தால் நசுக்க வேண்டும். ஊர்ப்பட்ட பேரின் வியர்வை ஊறிய ரப்பர், அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். மூக்கைப் பொத்தவும் வழியில்லை. உள்ளே முகத்தைத் தொடக் கூடாது.

மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் கையுறை மாட்டுவார்கள். அன்று வேலை முடிந்து, கையுறையை உரித்துப் பீப்பாயில் எறிந்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தால்... மோதிரம் இல்லை. கழற்ற மறந்து, கையுறையோடு போய்விட்டது போல. ஏற்கெனவே ஒன்றைத் தொலைத்தவர் அவர். "இதையும் தொலைச்சா வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

திரும்பி ஓடினார். புதுக் கையுறை மாட்டி, பீப்பாய்க்குள் கையை விட்டார்.

ஈரம். கொழகொழப்பு. யாருடையதோ முடி.

ஒரு கையுறை மட்டும் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ தடித்து... பிதுக்கிப் பார்த்தார்.

அது திருப்பி அழுத்தியது.

வெடுக்கென்று கையை உருவினார். உள்ளங்கையில் மோதிரம்! சளி போல் ஒட்டியிருந்ததைத் துடைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு விரலில் மாட்டினார். வாசலில் கைகளைச் சோதிக்கும் கருவி பச்சை காட்டியது.

வீட்டில் அக்கா சோப்பு டப்பாவை நீட்டினாள். "குளிச்சுட்டு மோதிரத்த இதுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. ஆமா... கையில இருக்கிறது யாரோடது?"

இழுத்தார். வரவில்லை. சோப்புப் போட்டும் வரவில்லை.

மறுநாள் கையைப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டு மேஸ்திரியிடம் கேட்டார். "அண்ணே, இங்க யாராவது மோதிரத்த விட்டிருக்காங்களா?"

"விரலையே விட்டிருக்கான்யா, உனக்கு முன்னாடி இருந்தவன். எந்திரம் கடிச்சிருச்சு. கதிர் பட்ட விரல், வெளிய விட முடியாதுன்னுட்டாங்க. ஆளு செத்து மண்ணோட மண்ணாயாச்சு. விரலு மட்டும் பீப்பாயில, சிமெண்டுக்குள்ள இருக்கு, இன்னும் முந்நூறு வருஷத்துக்கு."

"மோதிரம்?"

"விரலோடதான்."

பாக்கெட்டிலிருந்து முட்டைக்கோஸ் நாற்றம் எழுந்தது. உள்ளே... ஈரமாக ஏதோ அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டது.